கணினி எல்லோருக்கும் எட்ட: வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனாளிகளின் கணினிப் பயன்பாடு குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் ஏழினை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே தரப்பட்டுள்ளது.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த ஆண்டு பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறாள். கணினி தமிழைப் படித்துக் காட்டுமா? அதற்கு எவ்வளவு செலவாகும்? – வாசகி, மன்னார்குடி

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலர் அந்த இடத்திலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். வீட்டில் விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால், மென்பொருளுக்கென்று நீங்கள் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பு மென்பொருளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திரைவாசிப்பு மென்பொருளின் விலை கணினியின் விலையையே மிஞ்சியிருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய பணி அது. அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால், கல்லூரிக் கணினியில் எதையும் நிறுவாமலே செருகிய இடத்தில் உங்கள் மகள் வேலை பார்க்கலாம்.

இந்த மென்பொருள் நம்மைப் போலத் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. திறந்திருக்கும் நிரலிடம், “இப்போது நிற்கும் இடம் எது, அதன் பெயர் என்ன, அது பொத்தானா, எழுதும் பெட்டியா, இணைப்பா?” என்று ஓயாமல் கேட்டு, வரும் விடையைக் குரலாக மாற்றித் தருகிறது. கேட்ட கேள்விக்கு நிரலிடம் விடை இல்லாவிட்டால் குரலும் இராது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் கேள்விகளில் சிலவற்றுக்கு விடை தானாகவே விளங்கும்.

முதல் நாளில் அவருக்குக் கற்றுத்தர வேண்டியது கண்ட்ரோல் விசையை. அதை அழுத்தினால் பேச்சு உடனே நின்றுவிடும். இயந்திரத்தைப் பேச வைப்பதற்கு முன்னால் அதை வாய்மூட வைக்கத் தெரிந்துகொண்டவர்களுக்கு அச்சம் விரைவில் போய்விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு, இன்செர்ட் விசையுடன் ‘டி’ அழுத்தினால் திரையில் திறந்திருக்கும் சன்னலின் தலைப்பும், இன்செர்ட்டுடன் எஃப்12 அழுத்தினால் நேரமும், இன்செர்ட்டுடன் கீழ் அம்பு அழுத்தினால் நிற்கும் இடத்திலிருந்து தொடர்ச்சியாக முழுவதும் வாசிக்கப்படும். இணையப் பக்கத்தில் ‘எச்’ விசையைத் தட்டத் தட்டத் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். இந்த ஐந்தும் கைக்கு வந்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

இனித் தமிழ். என்விடிஏவுடன் சேர்ந்தே வரும் ‘ஈஸ்பீக்’ குரலில் தமிழ் உண்டு. அது கரகரவென்று தகரத்தில் தட்டியது போலத்தான் இருக்கும்; ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் சிதையாமல் கேட்கும் என்பதால், பழகியவர்கள் பலர் இனிய குரல்களை விட்டுவிட்டு இதையே வைத்துக்கொள்கிறார்கள். நாம் பேசுவதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்பது அவர்களுக்கு இயல்பு. இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்பில் தமிழுக்கான பேச்சுத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வள்ளுவர்’ என்ற ஆண்குரல் கிடைக்கும்.

தட்டச்சுக்கு உங்கள் விரல்களையே வழிகாட்டியாகக் கொண்டு தொடங்கலாம். எந்த விசைப்பலகையிலும் எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேல் மட்டும் நகத்தால் தொட்டு உணரும் அளவுக்குச் சிறிய மேடு இருக்கும். இரு ஆள்காட்டி விரல்களும் அவற்றில் அமர்ந்துவிட்டால் மற்ற விரல்கள் தத்தம் இடத்தை அறியும். தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பைத் தேர்ந்துகொண்டால் அந்த மேடுகளில் இருப்பவை இடப்பக்கம் ஆய்தமும் வலப்பக்கம் பகரமும். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருமாறு அமைந்திருப்பதாலும், ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டுகள் போதும், நடுவில் வரும் புள்ளி தானாக விழும் என்பதாலும், பார்க்காமல் கற்பவர்களுக்கு நான் வேறு எந்த விசைப்பலகையையும் பரிந்துரைப்பதில்லை.

தமிழ் இலக்கியம் படிப்பவர் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காதால் மட்டுமே தமிழ் படிப்பவர்களுக்கு எழுத்துப்பிழை ஒரு மெய்யான இடர். குரல் மென்பொருளில் ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே விழும். ‘அரம்’ என்பதா ‘அறம்’ என்பதா என்று ஓட்டத்தில் கேட்டு அறிய இயலாது. வலது அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்பது ஒரு வழி. அதைவிட உறுதியான வழி பிரெயிலைக் கைவிடாமல் இருப்பது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிப் புள்ளியமைப்பு இருக்கிறது. விரல் அந்த வேறுபாட்டைத் தவற விடாது. கணினி வந்துவிட்டது, இனி பிரெயில் எதற்கு என்று ஆசிரியர்களே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கணினியோடு இணையும் பிரெயில் பலகைகள் உண்டு; திரையில் வரும் வரியை, ஏறி இறங்கும் சிறு ஊசிமுனைகளால் விரலுக்குக் கீழே காட்டும். விலை அதிகம் என்பதால் உடனே வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கையிலிருக்கும் பிரெயில் புத்தகங்களை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். எல்லாச் சுற்றறிக்கைகளையும் பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புகிறோம். ஆனாலும் படிக்க முடியவில்லை என்கிறார். அவருடைய மென்பொருளில் பழுதா? – வாசகர், விழுப்புரம்

பழுது அவர் பக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. சுற்றறிக்கையைத் திறந்து, ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது எழுத்தன்று, தாளின் புகைப்படம். கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பும் பழக்கத்தால் வருவது இது. நிழற்படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் தமிழுக்கும் இருக்கின்றன என்றாலும், கோணலாக வைத்து எடுத்த, எழுத்தின் மேலேயே முத்திரை விழுந்த, நகலின் நகலான தாளில் அவை தடுமாறிவிடும்.

வரியைத் தேர்ந்தெடுக்க முடிந்து, ஒட்டிய இடத்தில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்பது போல ஆங்கில எழுத்துகள் வந்து விழுகின்றனவா? அப்படியானால் அது பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே; அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு அந்தப் போர்வை தெரிகிறது. திரைவாசிப்பு மென்பொருளுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். உங்கள் உதவியாளர் காதில் விழுந்துகொண்டிருப்பது அந்த ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கணினிக்குள் பதியும் யூனிகோடு குறியீட்டைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது 2010இல். அதற்குப் பிறகும் இத்தனை ஆண்டுகள் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களில் நீடிப்பதற்குத் தட்டச்சர்களின் கைப்பழக்கமே காரணம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கைப்பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடுக்கு வரலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பையே தேர்ந்துகொண்டால், விரல்கள் பழைய இடத்தில் தட்டும், திரையில் யூனிகோடு விழும். பழைய கோப்புகளை மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆக மாற்றிய படியையும், கையொப்பமிட்ட ஸ்கேன் படியையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்புங்கள். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தில் அடிக்காமல் வேர்டில் உள்ள ‘ஹெடிங்’ பாணியைக் கொடுத்தால் அவர் தலைப்புத் தலைப்பாகத் தாவிப் படிப்பார்.

இதைச் சிறு வசதி என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் பயிற்சி பெற்று வேலைக்குப் போன ஒருவர், பக்கத்து மேசைக்காரர் படித்துச் சொல்லித்தான் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் அறிந்து வந்தார். தம்முடைய இடமாற்ற ஆணையையும் அவர் அப்படித்தான் கேட்க நேர்ந்தது. சுற்றியிருந்த அனைவருக்கும் தெரிந்த பிறகு, பிறர் குரலில். படிப்பை முடித்து, தேர்வெழுதி, பணியாணை பெற்று வந்த ஒருவரை அந்த நிலையில் வைத்திருக்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

என் மகனுக்குப் பெருமூளை வாதம், வயது பதினான்கு. சொல்வதெல்லாம் புரிகிறது, பாடங்களில் ஆர்வம் இருக்கிறது. ஆனால் கைகள் தாமாக அசைவதால் ஒரு விசையைத் தொட்டால் நான்கு அழுந்துகின்றன. பேச்சு தெளிவாக இல்லாததால் குரலால் எழுதும் வசதியும் பயன்படவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று தனிக் கணினி கிடைக்குமா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

தனிக் கணினி தேவைப்படாது. இருக்கும் கணினியின் முன்னால் முதலில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள். பாதம் தரையிலோ பலகையிலோ முழுமையாகப் பதிந்து, இடுப்பு நாற்காலியின் பின்புறம் வரை சென்று, முழங்கைகள் மேசை மேல் தாங்கலாக அமர்ந்துவிட்டால், கட்டுப்பாடின்றி வரும் அசைவுகள் கணிசமாகக் குறைவதைப் பார்ப்பீர்கள். உடலைத் தாங்கிக்கொள்ளவே வலிமை முழுவதும் போய்விடும் பிள்ளையிடம் விரலை நேராக வை என்று சொல்வதில் பயனில்லை. விலையுயர்ந்த கருவியை வாங்கிய பிறகுதான் பலரும் இதற்கு வருகிறார்கள்.

அடுத்து, விண்டோஸின் அணுகல்தன்மை அமைப்புகளுக்குச் செல்லுங்கள். அங்கே ‘ஃபில்டர் கீஸ்’ என்று ஒன்று இருக்கிறது. சட்டென்று பட்டுவிட்டுப் போகும் விசையைப் புறக்கணித்து, சற்று நேரம் அழுத்திப் பிடித்ததை மட்டும் ஏற்குமாறு செய்யலாம். கை நடுங்கி ஒரே விசை இருமுறை அழுந்தினால் இரண்டாவதைத் தள்ளிவிடவும் செய்யலாம். ‘ஸ்டிக்கி கீஸ்’ என்பது, ஷிஃப்டையும் இன்னொரு விசையையும் ஒருசேர அழுத்த இயலாதவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவுவது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் அது திறக்கும். தற்செயலாகத் திறந்துகொண்டது என்று சலித்துக்கொண்டே பலர் அதை மூடியிருப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் தலைமையிலான டிரேஸ் மையம் இத்தகைய வசதிகளை 1980களில் உருவாக்கியது. விண்டோஸ் 95 முதற்கொண்டு அவை ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கணினியிலும் அவை திறக்கப்படாமல் காத்திருக்கின்றன.

விசைப்பலகையின் மேல் பொருத்தும் ஓட்டைப் பலகை ஒன்றும் உதவும். ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை இருக்கும் அக்ரிலிக் தகடு அது. கையை அதன் மேல் முழுதாக ஊன்றிக்கொள்ளலாம். விரலைத் துளைக்குள் விட்டால்தான் விசை அழுந்தும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக்கை வெட்டும் இயந்திரம் இருக்கிறது. விசைப்பலகையைக் கொண்டுபோய் அளவெடுக்கச் சொன்னால் செய்து தருவார்கள்.

இவற்றாலும் இயலவில்லை என்றால், கையை விட்டுவிடுங்கள். களைப்பின்றி, வேண்டும்போது செய்து வேண்டாதபோது நிறுத்தக்கூடிய ஏதேனும் ஓர் அசைவு உங்கள் மகனிடம் இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் உடனிருந்து கவனியுங்கள். தலையைச் சாய்ப்பதாகவோ, முழங்காலை விலக்குவதாகவோ, கட்டைவிரலை மடக்குவதாகவோ அது இருக்கலாம். அந்த ஓர் அசைவு போதும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் தம் கடைசி ஆண்டுகளில் கன்னத் தசையின் ஒரே அசைவால் எழுதினார். அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் 2015இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது.

செய்முறையை விவரமாகவே சொல்கிறேன். பழைய மவுஸ் ஒன்றைத் திறந்தால் இடப் பொத்தானுக்குக் கீழே சிறிய சுவிட்ச் ஒன்று தெரியும். அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே எடுத்து, அகலமான ஓர் அழுத்துப் பொத்தானில் இணைத்துவிட்டால், அந்தப் பொத்தானை அழுத்துவது மவுஸைக் கிளிக் செய்வதற்குச் சமம். ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடுவார். பிறகு விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ‘ஓ’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை விரியும். அதன் விருப்பங்களில் விசைகளை வருடிச் செல்லும் முறையைத் தேர்ந்து, மவுஸ் கிளிக்கால் தெரிவு செய்யுமாறு வைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசையில் ஒரு முறை அழுத்தினால் அந்த வரிசைக்குள் நகரத் தொடங்கும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் மீண்டும் அழுத்த வேண்டும்.

கைகளும் பேச்சும் ஒத்துழைக்காத ஓர் இளம்பெண்ணுக்கு, இடது முழங்கால் மட்டும் அவர் விருப்பப்படி அசைந்ததால், நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே இப்படி ஒரு பொத்தானைக் கட்டிவைத்தோம். முதல் நாள் கால் மணி நேரம் முயன்று எஃப், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அவர் எழுதினார். தற்செயலாக விழுந்தவை என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய தாயார் மட்டும் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். குளிர்ந்த காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல அந்தப் பெண் எவ்வளவு நேரம் காத்திருந்தார், அதற்கு முன் எத்தனை நாள் சொல்ல முடியாமல் இருந்தார் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எழுத்தைவிடப் பேச்சே உடனடித் தேவை என்றால், சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய ‘ஆவாஸ்’ போன்ற செயலிகளைக் கைக்கணினியில் முயன்று பாருங்கள். படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் குரலாக ஒலிக்கும். வேகம் குறைவு என்று வருந்த வேண்டாம். அவர் சொல்ல வந்ததை நீங்களே முந்திக்கொண்டு முடித்துவிடாமல் இருப்பதுதான் இதில் குடும்பத்தார் கற்க வேண்டிய கடினமான பாடம்.

என் தந்தைக்கு எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். கண் அழுத்த நோயால் பார்வை குறைந்துவிட்டது. செய்தித்தாளைக் கணினியில் படிக்கப் பெரிய திரை வாங்கித் தரலாமா? – வாசகி, காரைக்குடி

வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். பார்வைக் குறைவு எல்லாம் ஒரே வகையானதன்று. விழித்திரையின் மையப்பகுதி நலிந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் உதவும். கண் அழுத்த நோயில் பக்கப் பார்வை முதலில் போய், குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் எஞ்சுவது வழக்கம். அப்படிப்பட்டவருக்கு எழுத்தை அளவுமீறிப் பெரிதாக்கினால் ஒரு சொல்லில் இரண்டு எழுத்துதான் ஒரு நேரத்தில் தெரியும், வரியின் தொடக்கத்தைத் தேடியே களைத்துப்போவார். உங்கள் தந்தைக்குப் பெரிய திரையைவிட, அளவான எழுத்தும் கூர்மையான நிற வேறுபாடும் கூடுதலாகப் பயன்படலாம்.

விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். அது திறந்திருக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ‘ஐ’ சேர்த்து அழுத்தினால் நிறங்கள் தலைகீழாகி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும். கண் கூசுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மூடுவதற்கு விண்டோஸ் விசையுடன் எஸ்கேப். சுட்டிமுனையைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுங்கள். அது எங்கே போயிற்று என்று தேடுவதுதான் இவர்களுக்கு ஓயாத தொல்லை. மேசையைச் சன்னலுக்கு எதிராகவோ சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தோ போடாதீர்கள். மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கிறது. நீண்ட கட்டுரைகளைக் கண்ணால் தொடங்கிக் காதால் முடிப்பதில் தவறில்லை என்பதையும் தந்தையிடம் சொல்லுங்கள்.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காணொளிக் கூட்டங்களில் எல்லோரும் பேசி முடித்த பிறகு எனக்கு ஒரு வரியில் சுருக்கிச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா? – வாசகர், ஓசூர்

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி 2019இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி தாமே செவித்திறன் அற்றவர். அதில் தமிழ் உண்டு. கைப்பேசியைக் கணினியின் ஒலிபெருக்கி அருகே வைத்தாலே போதும். கணக்குப் பிரிவு என்பதால் ஓர் எச்சரிக்கை: தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ போன்றவை எளிதில் மாறி விழும். தொகைகளையும் நாள்களையும் கூட்டத்தின் எழுத்துப் பெட்டியிலும் தட்டச்சு செய்யுமாறு மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேசுவது என்ற ஒழுங்கும் வேண்டும். இருவர் குரல் கலந்தால் எந்த மென்பொருளும் தடுமாறும்.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல். பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர்களில் பலருக்குச் சைகைமொழியே தாய்மொழி. எழுத்துத் தமிழ் அவர்கள் பின்னர் கற்ற இன்னொரு மொழி. முக்கியமான கூட்டங்களுக்கு எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சைகைமொழிபெயர்ப்பாளரை அழைப்பதே முறை.

நான் பார்வையற்ற கல்லூரி மாணவன். கணினியில் நானே வேகமாக எழுதுவேன். தேர்வில் மட்டும் நான் சொல்ல வேறொருவர் எழுத வேண்டியிருக்கிறது. கணினியில் எழுத அனுமதி கேட்கலாமா? – வாசகர், திருச்சி

தாராளமாகக் கேட்கலாம். மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு நெறிமுறைகளிலேயே, பிரெயில், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு ஆகியவற்றில் எந்த வகையில் விடையளிப்பது என்று தேர்வரே தேர்ந்துகொள்ள இடம் தரப்பட்டது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் அதில் தரப்பட்டது. சொந்த மடிக்கணினியைக் கொண்டுசெல்ல அந்த நெறிமுறை அனுமதிக்கவில்லை. ஆனால் தேர்வு மையக் கணினியை ஒரு நாள் முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்றது. அப்படி ஒரு நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருக்கிறதா, நீங்கள் பழகிய விசையமைப்பு இருக்கிறதா, காதணி ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருத்தங்கள் அவ்வப்போது வருவதால் உங்கள் தேர்வுக்கான அறிவிக்கையையும் படித்து, பருவத் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு முந்திய வாரம் கேட்டால் ஏற்பாடு செய்ய நேரமில்லை என்ற பதிலே வரும்.

வங்கிச் செயலியில் கணக்கு தொடங்க முயன்றேன். முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொல்கிறது. வட்டம் எங்கே என்றே எனக்குத் தெரியாது. வங்கியில் கேட்டால் இயந்திரத்தின் விதி என்கிறார்கள். – வாசகி, சேலம்

அது இயந்திரத்தின் விதியன்று, அதை வடிவமைத்தவர்கள் உங்களை நினைக்காமல் எடுத்த முடிவு. இதே இடையூற்றை எடுத்துரைத்து, அமில வீச்சால் கண் சிமிட்ட இயலாத நிலைக்கு ஆளான பிரக்யா பிரசூன் தொடர்ந்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறி, வாடிக்கையாளரை அறியும் நடைமுறையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்க 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தருவதும், தாளில் செய்யும் நடைமுறையைத் தொடர்ந்து வைத்திருப்பதும் அவற்றுள் அடங்கும்.

தீர்ப்பின் நாளைக் குறிப்பிட்டு, எந்தத் திரையில் எந்தச் சொற்களைக் கேட்டபின் தடைபட்டது என்று விவரித்து, வங்கிக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். முறையீட்டின் நகலை எனக்கும் அனுப்பிவையுங்கள். இதே தடையைச் சந்தித்த மற்ற வாசகர்களும் எழுதினால், அந்தந்தத் திரையில் என்ன நேர்ந்தது என்பதைத் திரட்டி அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.